ஒரே கடவுச்சொல்லில் ஏழு பேர்

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். பாடம் நடத்துபவள் அல்ல. கணினிகள் ஓடும்வரை யாருக்கும் என் ஞாபகம் வராது. ஒன்று நின்றுபோனால் மட்டும் மூன்று மாடியிலும் என்னைத் தேடுவார்கள். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் செய்த ஒரு காரியத்தால் ஒரு பெண்ணின் படிப்பு அரை வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பொறியியல் பிரிவுக்குப் புதுக் கணினிகள் வந்தபோது, பழையவற்றில் இருபது இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஏலத்துக்கு அனுப்ப எங்கள் பிரிவுத் தலைவருக்கு மனமில்லை. அவர் மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். எங்கள் சிலாங்கூர் மாநிலத்தின் வடக்குப் பகுதியில் தொலைதூரக் கல்வியில் படிக்கும் மாணவர்கள் பலர் கைப்பேசியிலேயே கட்டுரை தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பகிர்வுக் கணினிக்கூடம் அமைக்கலாம், நம் மாணவர்கள் மட்டுமல்ல, மற்றக் கல்லூரிகளில் படிப்பவர்களும் வந்து பயன்படுத்தட்டும் என்பது தலைவரின் யோசனை. என்னைக் கூப்பிட்டார்.

"நீ தோட்டத்துப் பிள்ளைதானே? நீ போனால் அவர்களோடு பேச வசதியாக இருக்கும்" என்றார்.

நான் பிறந்தது பத்தாங் காலியில். அது மாநிலத்தின் இன்னொரு கோடி. பன்னிரண்டு வயதில் அங்கிருந்து கிளம்பியவள் நான். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அறைக்குள்ளேயே கிடக்கும் வேலையிலிருந்து வெளியே போக ஒரு வாய்ப்பு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே போனால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, கூடம் அமைக்கத் தேர்ந்தெடுத்த தோட்டம் இருந்தது. வேலையாட்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை அங்கே பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. நிர்வாகம் அதை எங்களுக்குக் கொடுத்தது. கூரை ஒழுகவில்லை, தரை சிமெண்டு. ஏணை கட்டுவதற்காக விட்டத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருந்தன. நாங்கள் கம்பிகளை அந்தக் கொக்கிகளிலேயே மாட்டி எல்லா மேசைகளுக்கும் இறக்கினோம். சுவரில் துளை போடும் வேலை மிச்சமானது.

இணையம்தான் தகராறு செய்தது. கண்ணாடி இழைக் கம்பி பெரிய சாலையோடு நின்றுவிட்டது. கம்பியில்லா இணைப்புக்குக் கூரைமேல் அலைவாங்கி வைத்துப் பார்த்தோம். சுற்றிலும் வளர்ந்து நின்ற செம்பனை மரங்கள் சிக்னலை மறைத்தன. இரண்டு நாள் கூரையில் ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துப் பாலர் பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்து கீழே நின்றபடி எங்களைப் பார்த்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சட்டையில் சாயம் ஒட்டியிருந்தது.

"அக்கா, சிக்னலா தேடுறீங்க?"

"ஆமாம்மா."

"இங்க கெடைக்காதுலா. போன் பேசணும்னா நாங்க எல்லாரும் தண்ணித் தொட்டிக்கிட்டதான் போவோம். பேங்க்ல இருந்து நம்பர் வரணும்னாகூட அங்கதான் போயி நிப்போம்."

தண்ணீர்த் தொட்டி கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேட்டில் இருந்தது. அதன் இரும்புக் கால்களில் அலைவாங்கியைக் கட்டினோம். பத்தே நிமிடத்தில் இணைப்பு வந்துவிட்டது. தொழில்நுட்பர்கள் மூன்று பேர், அளக்கும் கருவிகளோடு இரண்டு நாள் திண்டாடியதை அவள் ஒரு வார்த்தையில் முடித்துவைத்தாள்.

அவள் அந்தப் பாலர் பள்ளியில் உதவியாசிரியை. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே தொலைதூரக் கல்வியில் குழந்தைக் கல்விப் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பட்டம் இருந்தால்தான் உதவி என்ற சொல் போய் முழு ஆசிரியை ஆக முடியும். கணவர் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அதுவரை எழுதிய எல்லாக் கட்டுரைகளையும் அவள் கைப்பேசியில் ஒரு விரலால் தட்டியே அனுப்பியிருந்தாள். கூடத்தின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அவளிடமே கொடுத்தோம். அவள் எண்ணை என் கைப்பேசியில் பதிந்துகொண்டேன்.

பதிவுப் படிவத்தைத் தயாரித்தது நான். எங்கள் மாணவர்கள் தங்கள் மாணவர் எண்ணை எழுத வேண்டும். மற்றக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவர வேண்டும். பார்த்துவிட்டால் உள்ளே நுழைய ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் கொடுப்போம். எனக்கு அது மிக நியாயமான படிவமாகத் தோன்றியது. அந்தக் கடிதத்தை வாங்க ஒரு பிள்ளை எத்தனை அலுவலகத்தில் நிற்க வேண்டும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கூடம் திறந்து சில மாதங்கள் ஆயின. யார் எப்போது உள்ளே நுழைகிறார்கள் என்பதை என் மேசையிலிருந்தே பார்க்க முடியும். முதலில் நான்கைந்து கணக்குகள் தெரிந்தன. பிறகு இரண்டு. அதற்கப்புறம் ஒரே ஒரு கணக்கு, அந்த உதவியாசிரியையினுடையது. தலைவர் மாத அறிக்கையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு ஆளுக்கு இருபது கணினியா? சுங்கை பெசார் பக்கம் கேட்கிறார்கள். அடுத்த வருடம் அங்கே மாற்றிவிடலாமா?"

அந்தக் கூடத்தை நான் என்னுடையதாகவே நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. உதவியாசிரியையின் கணக்கு ஒரே நேரத்தில் ஏழு கணினிகளில் திறந்திருந்தது. ஒரு ஆள் ஏழு நாற்காலியில் உட்கார முடியாது. யாரோ கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்கள், இல்லையென்றால் அவளே கொடுத்திருக்கிறாள். இரண்டில் எதுவானாலும் கணக்கை உடனே முடக்க வேண்டும் என்பது விதி.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எண் கையில்தான் இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். விதிப்படி செய்கிறோம் என்ற தைரியம் ஒரு காரணம். மகளை டியூஷனிலிருந்து கூட்டி வர நேரமாகிக்கொண்டிருந்தது இன்னொன்று. உண்மையைச் சொல்வதானால், எனக்குக் கோபமும் இருந்தது. ஏற்கனவே கூடத்தைத் தூக்கிவிடப் பார்க்கிறார்கள், இதில் இவள் வேறு என் மானத்தை வாங்குகிறாளே என்ற கோபம். பொத்தானை அழுத்தினேன். கணக்கு முடங்கியது. முடக்கிய காரணத்தை விளக்கும் கடிதம் தானாகவே அவளுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போனது. அந்த மின்னஞ்சலும் அதே கணக்கில்தான் இருக்கிறது, அவளால் அதைத் திறக்கவே முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டாரோடு செகிஞ்சானுக்குப் போனோம். நெல் முற்றியிருந்த சமயம், சாலையின் இரண்டு பக்கமும் மஞ்சளாகக் கிடந்தது. மீன் சாப்பிட்டு, கருவாடு வாங்கி, பிள்ளைகள் படித்துறையில் படகு பார்த்து, அன்று முழுக்க நல்ல நாள். கைப்பேசி கைப்பையில் சத்தமில்லாமல் கிடந்தது. மாலை திரும்பும்போது எடுத்துப் பார்த்தேன். உதவியாசிரியையிடமிருந்து ஒன்பது அழைப்புகள்.

"யாரு?" என்று கணவர் கேட்டார்.

"ஆபீஸ் விஷயம். நாளைக்குப் பேசிக்கிறேன்."

கார் அப்போது கோல சிலாங்கூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குத் திரும்பும் சந்திப்பைக் கடந்துதான் வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போனபோது எங்கள் முகப்பில் அவளும் அவள் கணவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார்கள். அவள் முடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. கணவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"அக்கா, என் அக்கவுண்ட் தொறக்க மாட்டுது. நேத்துதான் ரிப்போர்ட் அனுப்பக் கடைசி நாளு. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

"வேற எங்கயும் சேவ் பண்ணி வைக்கலையா?"

"பழசு ஒண்ணு பெண்ட்ரைவ்ல இருக்கு. பாதிதான். முழுசா வெள்ளிக்கெழம சாயந்தரம்தான் முடிச்சேன். ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு நேத்து அனுப்பலாம்னு இருந்தேன்."

அவர்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். கணக்கைத் திறக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அறிக்கை அங்கே இருந்தது. நாற்பது பக்கம். கடைசியாகச் சேமித்த நேரம் வெள்ளி மாலை மூன்று ஐம்பது. நான் பொத்தானை அழுத்துவதற்கு நாற்பது நிமிடம் முன்பு. ஆனால் சமர்ப்பிக்கும் பக்கம் ஞாயிறோடு மூடிவிட்டது.

வெளியே வந்து சொன்னேன். முடக்கியது நான்தான் என்றும் சொன்னேன். ஏழு கணினிகளைப் பற்றிக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"ஆமாக்கா, நான்தான் தொறந்து குடுத்தேன். அவங்களும் படிக்கிற பிள்ளைங்கதான். லெட்டர் கெடைக்கல. வெயில்ல அவ்வளவு தூரம் வந்துட்டு திரும்பிப் போறாங்க. உள்ள இருவது கம்ப்யூட்டர் சும்மா கெடக்கு. எப்படிக்கா போகச் சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லமா."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்களும் ஒரு போன் போட்டிருக்கலாம்கா."

அவள் கணவர்தான், "சரி விடும்மா. மிஸ் வேணும்னா செஞ்சாங்க?" என்றார். அன்றைய லோரி நடையை விட்டுவிட்டு வந்த மனிதர். அவர் எனக்காகப் பேசியது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாடத்தின் விரிவுரையாளரைப் பார்க்கப் போனேன். அந்தச் சீனப் பெண்மணி பொறுமையாகக் கேட்டார். அறிக்கையைத் திறந்து சில பக்கங்களைப் புரட்டினார். "நன்றாக எழுதியிருக்கிறாய்" என்றார். ஆனால் நாள் தாண்டிய எதையும் ஏற்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. மேல்முறையீடு செய்யச் சொன்னார். அதைக் குழு பார்க்கும், குழு கூடுவதற்கு மூன்று வாரம் ஆகும்.

மேல்முறையீட்டோடு இணைக்க நான் ஒரு கடிதம் எழுதினேன். விசாரிக்காமல் கணக்கை முடக்கியது நான், மாணவி அழைத்தபோது எடுக்காததும் நான், அறிக்கை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்பதற்கு இது சாட்சி என்று. தலைவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"விதிப்படிதானே செய்தாய். இப்படி எழுதினால் இது உன் கோப்பில் சேர்ந்துவிடும்."

"சேரட்டும், துவான்" என்றேன். அவரை அப்படித்தான் அழைப்போம், ஐயா என்பதற்கு மலாய்ச் சொல்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அந்த ஏழு பேர் யார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கூடம் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஏர்கோன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேள்விப்பட்டு எல்லாரும் வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்று உதவியாசிரியை சொன்னாள்.

"கூப்பிட்டா வருவாங்களா?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பாக்குறேன்கா. நீங்க ஏசுவீங்கன்னு பயப்படுறாங்க."

அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ச் சிலரோடு கைப்பேசியில் பேசிவிட்டு வந்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஆலையில் மின்சாரப் பணியாளர், சான்றிதழ் படிப்பு படிக்கிறார். வரைபடம் போடும் மென்பொருள் அவருடைய மடிக்கணினியில் ஏறாது. இன்னொருவர் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வசிக்கும் பெண்மணி, நாற்பது வயதுக்கு மேல். பகலில் மரவள்ளி வறுவல் போட்டு விற்றுக்கொண்டே வேறொரு கல்லூரியின் தொலைதூரக் கல்வியில் கணக்கியல் படிப்பவர். மூன்றாவது, கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். தலையில் முக்காடு, முதுகில் பெரிய பை. அந்தப் பெண் உட்காரவே இல்லை.

"எங்களாலதான் அவங்களுக்கு இப்படி ஆயிருச்சு மிஸ். நான்தான் மொதல்ல கேட்டேன். அசைன்மெண்ட் முடியற வரைக்கும்னு சொல்லித்தான் கேட்டேன். அப்புறம் மத்தவங்களும் கேட்டாங்க. என்னையத் தண்டிக்கச் சொல்லுங்க."

"லெட்டர் வாங்க முடியலையாம்மா?"

"மூணு தடவ போனேன். காலேஜ்ல, அது எங்க வேல இல்லன்னுட்டாங்க. அத்தாகிட்ட கடைய விட்டுட்டு இன்னும் எத்தன தடவ வாங்கன்னு கூப்பிடறது?"

மலாய்ப் பெண்மணி ஒரு பொட்டலம் வறுவலை என் மேசையில் வைத்தார். என்னை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் வெட்கப்பட்டதைப் போல நான் வேறெங்கும் வெட்கப்பட்டதில்லை.

அவர்கள் எல்லாருடைய பெயரையும் படிப்பையும் எழுதிக்கொண்டேன். வராத நால்வரைப் பற்றியும் கேட்டு எழுதினேன். திங்கட்கிழமை தலைவர் முன்னால் அந்தத் தாளை வைத்தேன்.

"அங்கே ஒரு ஆள் இல்லை, துவான். ஏழு பேர். அந்த ஒரு கணக்குக்குள்ளே உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். நம் படிவம்தான் அவர்களை வெளியே நிறுத்தியது. அதை எழுதினது நான்."

அவர் தாளை வெகு நேரம் பார்த்தார். பிறகு, "கல்லூரிக் கடிதம் வேண்டாம். அடையாள அட்டை போதும் என்று மாற்றி எழுதிக் கொண்டு வா" என்றார். அதை மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. பாதுகாப்பு, பொறுப்பு என்று எத்தனையோ கேள்விகள். தலைவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த ஏழு பெயர்கள் எழுதிய தாளையே எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் ஆளுக்கொரு கணக்கு கிடைத்தது. கூடத்தைச் சுங்கை பெசாருக்கு மாற்றும் பேச்சும் நின்றுபோனது. அங்கே வேறொரு கூடம் திறந்தோம்.

உதவியாசிரியையின் மேல்முறையீடு தோற்றது. அறிக்கை முன்பே முடிந்தது உண்மை, அலுவலர் விசாரிக்காதது தவறு, ஆனாலும் கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தது மாணவியின் குற்றம் என்று குழு எழுதியிருந்தது. தோல்வி என்று பதிவாகாது. அந்தப் பாடத்தை மட்டும் அடுத்த பருவத்தில் திரும்பவும் எடுக்க வேண்டும். என் கடிதத்தால் கிடைத்தது அவ்வளவுதான். இந்த முறை நானே அவளைக் கைப்பேசியில் அழைத்தேன். அவள் தொட்டிப் பக்கம் போய் நின்றிருக்க வேண்டும், காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது.

"அப்ப இன்னும் ஆறு மாசமாக்கா?"

"ஆமாம்மா."

"வருஷக் கடைசியில டீச்சர் வேலைக்கு எழுதிப் போடலாம்னு இருந்தேன்" என்றாள். அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "சரிக்கா. போன் பண்ணிச் சொன்னீங்களே" என்று வைத்துவிட்டாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த பருவம் அவள் அதே பாடத்தை மறுபடி படித்தாள். தலைப்பை மாற்றிப் புதிதாகவே ஒரு அறிக்கை எழுதினாள். பழையதைத் தொட மனமில்லை என்றாள். அந்த மாதங்களில் நான் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் கூடத்தில் சத்தம் இருந்தது. மின்சாரப் பணியாளர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் மகள் மலாய்ப் பெண்மணிக்கு அட்டவணை போடக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். உதவியாசிரியை மூலையில் உட்கார்ந்து பத்து விரல்களாலும் தட்டச்சு செய்வாள். அவளும் நானும் வேலை விஷயம் மட்டும் பேசுவோம். அவள் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் முன்பு போல என்னிடம் சிரித்துப் பேசவும் இல்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறினாள். பட்டமும் வந்தது. வேலைக்கு எழுதிப்போட்ட இரண்டாவது இடத்தில், தஞ்சோங் காராங் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக எடுத்துக்கொண்டார்கள். சாவியை மின்சாரப் பணியாளரிடம் ஒப்படைத்தாள்.

அந்த வருடத் தீபாவளிக்கு என்னைக் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்தாள். போவதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. கணவர்தான் இழுத்துக்கொண்டு போனார். வீடு நிறைய ஆட்கள். கம்பத்து ஆட்களும் கடைக்காரர் குடும்பமும்கூட வந்திருந்தார்கள். அவளுடைய புதுப் பள்ளித் தலைமையாசிரியையும் இருந்தார். அவரிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது என்ன சொல்வாளோ என்று பயந்தேன்.

"டீச்சர், இவங்கதான் எங்க லேப் போட்டவங்க" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "உங்களுக்குக் கோழி எடுத்து வச்சிருக்கேன்கா. இந்தக் கூட்டத்துல தீந்துரும். வாங்க, உள்ள வந்து சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் நின்று, புதுப் பள்ளியில் இருபத்தாறு பிள்ளைகள், அதில் ஒன்று நாள் முழுக்க மேசைக்கடியில்தான் உட்காரும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். யாரோ வாசலில் அவளைக் கூப்பிட்டார்கள். தட்டில் இன்னும் இரண்டு துண்டு அள்ளி வைத்துவிட்டு ஓடினாள்.